தட்டைத் தூக்கிக்கொண்டு நீ கிளம்பாதே, அம்மிணி!

விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் தட்டில் அடுக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பி நிற்கிறாயே, முதலில் அந்தத் தட்டைக் கீழே வை. மகன் அடித்த கூத்துக்கு அம்மா போய்க் கைகூப்பி நிற்பது நம் கோபிப் பக்கம் காலங்காலமாக நடக்கிறதுதான். "பையன் ஏதோ தெரியாம பண்ணிப்போட்டானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று நாம் சொல்வோம். "போச்சாது போங்க, சின்னப் பையந்தானே" என்று அவர்கள் சொல்வார்கள். காபி குடித்துவிட்டு வந்துவிடுவோம். அந்தச் சின்னப் பையன் அப்போது வீட்டில் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பான். வயது இருபத்தெட்டு.

1875-ஆம் வருஷத்துச் சட்டமே பதினெட்டு முடிந்தால் மேஜர் என்று எழுதி வைத்துவிட்டது. மேஜரான பிள்ளையை அடிக்க முடியாது, மூலையில் நிறுத்த முடியாது, சாப்பாடு போடாமலிருக்க நமக்கு மனசு வராது. அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்கிற தங்கச்சிகளுக்கு அக்கா சொல்கிற ஒரே விஷயம் இதுதான்: அவன் உடைத்ததை அவன்தான் போய் ஒட்ட வேண்டும். நீ ஒட்டிக்கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அடுத்த விசேஷத்துக்கு நீயே அட்வான்ஸ் கட்டுகிறாய்.

எனக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன், பேர் ஊர் வேண்டாம். மகள் வயிற்றுப் பேத்திக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து, அப்படியே கெடா விருந்து. மகன்தான் தாய்மாமன். அவன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார், மாமனைக் காணோம். கோயிலுக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டாளிகளோடு நின்றிருக்கிறான். கூட்டி வந்து பார்த்தால் நிற்கவே முடியவில்லை. பெரியப்பா மகன் ஒருவன் மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. அதோடு விட்டானா? பந்தியில் கறி வரத் தாமதம் என்று பரிமாறிய பையனை வாய்க்கு வந்தபடி பேசி, தடுக்க வந்த தன் தங்கையின் கொழுந்தனாரைத் தள்ளிவிட்டு, குழம்பு அண்டாவைச் சாய்த்து, ஒறம்பரை முந்நூறு பேர் வேடிக்கை பார்த்து, பொழுது சாய்வதற்குள் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி முடிந்தது.

அன்றைக்கு ராத்திரி பேசாதே

குடித்திருப்பவனிடம் பேசுவது எதுவும் அவன் காதில் ஏறாது. உன் வாய்தான் வலிக்கும், அவனுக்குச் சண்டைதான் ஞாபகம் இருக்கும். வண்டிச் சாவியை வாங்கி வை. மல்லாக்கப் படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வை, வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். தட்டி எழுப்பியும் அசையவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டுப் போகிறது என்றால் மானம் மரியாதையை ஓரமாக வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடு. தயிரும் எலுமிச்சம்பழமும் போதையை இறக்காது. ரத்தத்தில் ஏறியதை ஈரல்தான் மெல்ல மெல்ல இறக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பிக்காதே. தலைவலியோடும் வெட்கத்தோடும் எழுந்து வருகிறவன் முதலில் எதிர்த்துத்தான் பேசுவான். பொழுதோடு, சாப்பாடு ஆன பிறகு பேசு. உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் நீயும் உன் வீட்டுக்காரரும் மட்டும். பெரியப்பா, சித்தப்பா, மாமன் என்று எல்லாரையும் வரச்சொல்லித் திண்ணையில் பஞ்சாயத்து கூட்டுகிறோமே, அதை இந்தத் தடவை விட்டுவிடு.

இதை நானாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில், குடிக்கிறவர்களின் வீட்டார் 130 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்து 1999-இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களை எந்த வழியில் வரவைக்கலாம் என்பதுதான் கேள்வி. குடும்பம் மொத்தமும் கூடி ஆளை நடுவில் உட்கார வைத்துச் சொல்கிற வழி, நம் பஞ்சாயத்து மாதிரியேதான், அதில் 100-க்கு 30 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று ஒதுங்கி வீட்டார் தங்கள் மனசைப் பார்த்துக்கொள்கிற வழியில் 13. மூன்றாவது வழியில் வீட்டாருக்குச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார்கள்: தெளிவாக இருக்கும்போது மட்டும் பேசு, குடிக்காமல் வந்த நாளில் முகம் கொடுத்துப் பேசிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு, குடித்துவிட்டுச் செய்ததன் விளைவை அவனே அனுபவிக்க விடு, நீ போய்த் துடைக்காதே. அதில் 64 பேர். எனக்கு இதில் பிடித்த விஷயம், திட்டுவதற்கு எங்கேயும் இடமே வைக்கவில்லை.

என்ன சொல்ல வேண்டும்?

"குடும்ப மானத்த வாங்கிட்டியேடா", "உன்னப் பெத்ததுக்கு ஒரு கல்லப் பெத்திருக்கலாம்", "அப்பாரு பேரக் கெடுக்கவே பொறந்தியா" - இதெல்லாம் சொன்னால் மனசு ஆறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல். "பாப்பாவுக்குக் காது குத்தறப்ப நீ மடியில வெச்சுக்கல. பரிமாறுன பையன அவங்க அம்மாவச் சேத்துப் பேசுன. கொழுந்தனாரத் தள்ளி விட்ட. அண்டா சாஞ்சுது." நாலு வரி. நாலும் அவனால் மறுக்க முடியாதவை. வீடியோவை எடுத்துக் காட்டாதே. அதைப் பார்த்தவன் திருந்துவதை விட அதைப் போட்டவனைத் தேடிப் போவதுதான் அதிகம்.

அப்புறம் கேள்: "இதுக்கு என்ன பண்ணலாம்னு இருக்க கண்ணு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். இதுதான் சிரமம். நாம் கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, அழுதும் முடித்துவிடுவோம். அவன் எழுந்து போனால் போகட்டும். மறுநாள் பொழுதோடு அதே கேள்வியை அதே குரலில் கேள்.

தங்கை வீட்டில் மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தான். முதலில் சொன்னது, "எல்லாரும் குடிச்சாங்க, என்ன மட்டும் கேக்கறீங்க." அதற்கு அவன் அப்பா கொடுத்த பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "மத்தவங்க எங்க பையன் இல்லீங்க சாமி." நக்கலாகத்தான் சொன்னார், ஆனாலும் வேலை செய்தது.

யார் யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்?

மன்னிப்பு கேட்கப் போகிற வரிசையில் எல்லாரும் சம்பந்தியைத்தான் முதலில் வைப்பார்கள். நான் பரிமாறிய பையனை முதலில் வைக்கச் சொல்வேன். சம்பந்தி கோபித்துக்கொண்டால் நமக்கு நஷ்டம், அதனால் எப்படியும் போய்விடுவோம். அந்தப் பையன் கோபித்துக்கொண்டால் யாருக்கும் ஒன்றுமில்லை, சமையல்காரர் அடுத்த மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். சீரில் பெரியவர் சின்னவர் பார்க்கிற ஊர் நம் ஊர். தனக்குப் பதில் பேச முடியாதவனிடம் போய் நின்றால்தான் செய்தது என்னவென்று உறைக்கும். சமையல்காரரிடம் போன் நம்பர் வாங்கி, அடுத்து எங்கே சமையல் என்று விசாரித்து, அவனே போகட்டும்.

இரண்டாவது அவன் தங்கை. இதை எல்லாரும் மறந்துவிடுகிறோம், கூடப் பிறந்தவள்தானே என்று. அவள்தான் அந்த வீட்டில் தினமும் காலையில் எழுந்து மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டியவள். "உன்ற அண்ணன் மாதிரி" என்று எந்தப் பேச்சிலும் ஒரு சொல் இனிமேல் அவளுக்கு விழும். அவளிடம் முதலில் கேட்க வேண்டியது மன்னிப்புகூட இல்லை, "நான் உங்க வீட்டுக்கு வந்தா உனக்கு நல்லதா, கெடுதலா?" என்பதுதான். இப்போதைக்கு வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் போகலாம்.

மூன்றாவதுதான் சம்பந்தி வீடு. மாப்பிள்ளைக்கு முதல் நாளே போன் செய்து, வரலாமா என்று அவனே கேட்க வேண்டும். நீ கூடப் போகாதே. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அவன் அப்பா போகலாம், போனாலும் பேசக் கூடாது. தட்டு வேண்டாம். சட்டை துவைத்ததாக இருந்தால் போதும். போனதும் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுகிற வேலையும் வேண்டாம். பெரியவர்கள் பதறித் தூக்கி விடுவார்கள், எல்லாரும் கண் கலங்குவார்கள், பேச்சு அங்கேயே முடிந்துபோகும், தள்ளிவிட்டது பற்றி ஒரு வார்த்தை வந்திருக்காது. நின்றபடி சொல்லட்டும்: யாரை என்ன செய்தேன், அது தப்பு, நஷ்டம் எவ்வளவு ஆனாலும் நான் கொடுக்கிறேன், இனிமேல் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இப்படி வரமாட்டேன். "குடிச்சிருந்தேனுங்க, அதான்" என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பு ஆகாது. "உங்க மனசு நொந்திருந்தா" என்பதும் ஆகாது. நொந்திருந்தா என்ன நொந்திருந்தா? நொந்துதானே போனார்கள்!

அவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால்? ஏற்றுக்கொள்ளாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. தங்கை வீட்டு விஷயத்தில் கொழுந்தனார் எழுந்து உள்ளே போய்விட்டார். பையன் திரும்பி வந்து, "போயும் மதிக்கல" என்று குதித்தான். மதிக்கச் சொல்லிப் போகவில்லை, சொல்லத்தான் போனாய் என்று சொல்லி விட்டோம். இன்னும் அந்தக் கொழுந்தனார் அவனோடு பேசுவதில்லை. இருக்கட்டும்.

சாய்ந்த அண்டாவுக்குப் பாத்திரக் கடைக்காரர் போட்ட நசுங்கல் கணக்கு, பந்திக்கு மறுபடி ஆக்கிய குழம்பின் செலவு எல்லாம் அவன் சம்பளத்திலிருந்து போகட்டும். திருப்பூர் கம்பெனியிலோ கோயமுத்தூரிலோ சம்பாதிக்கிறவன் என்றால் ஒரே வாய்தாவில் கட்டட்டும். வேலையில்லாமல் வீட்டிலிருக்கிறவன் என்றால் தோட்டத்தில் வேலையா இல்லை? வாய்க்கால் முறைத் தண்ணீர் வருகிற ராத்திரியில் மடை மாற்றட்டும், பட்டுப்புழுக் கொட்டகையில் தழை போடட்டும், ஆளுக்குக் கொடுக்கிற கூலியைக் கணக்கில் கழித்துக்கொண்டே வா. ஒரு நோட்டில் எழுதி வை. அப்பா பணத்தில் கட்டிவிட்டு அப்புறம் வசூல் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தால் வசூல் நடக்காது, எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

உன் கையில் இருப்பதும் இல்லாததும்

கோபத்தில் நாம் முதலில் எடுக்கிற ஆயுதம் சொத்து. "ஒரு செண்டு பூமி உனக்கு எழுதி வெக்க மாட்டேன்." பூர்வீகச் சொத்தாக இருந்தால் நீ எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதில் அவனுக்குப் பங்கு உண்டு, மகளுக்கும் உண்டு. அது அவனுக்கும் தெரியும். நீங்கள் சுயமாகச் சம்பாதித்து வாங்கியது என்றால் உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு காதுகுத்துச் சண்டைக்காக உயிலை மாற்றப் போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். செய்யப்போகாததைச் சொல்லாதே. "வெளிய போடா" என்பதும் அந்த வகைதான்.

மாறாக ஒன்று சொல்கிறேன், கவனி. பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறேன் என்று வீட்டை அவசரப்பட்டு அவன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். அப்படிக் கொடுக்கிறதாக இருந்தால், கடைசி வரை எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுது. 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் அலுவலகம் நம் கோபியிலேயே இருக்கிறது.

உண்மையில் உன் கையில் இருப்பது சின்னச் சின்ன விஷயங்கள். மாசாமாசம் ஜிபேயில் போடுகிற பணம், பெட்ரோல், போன் ரீசார்ஜ், அப்பா பேரில் இருக்கிற வண்டி. வண்டியை முதலில் பார். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே, முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும்கூட. அது அவன் தலையோடு போகும். இடித்துவிட்டால்? இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் வசூலிக்க வரலாம். உன் வீட்டுக்காரர் பேரில்தானே இருக்கிறது? கார் சாவி இனி அவருடைய இடுப்பில் இருக்கட்டும். இதைத் தண்டனை என்று சொல்லாதே, தண்டனையும் இல்லை.

கை நீட்டினால் கதை வேறு. உன் மேலோ, கட்டிக்கொண்டு வந்தவள் மேலோ கை வைத்தான் என்றால் இந்தக் கட்டுரையில் இருக்கிற எதுவும் அதற்கு மருந்து இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181, போலீஸ் 100. மகன்தானே என்று பார்க்காதே.

ஊருக்குச் சொல்லி அவமானப்படுத்தலாமா?

சொந்தக்கார குரூப்பில், "என் மகன் செய்ததற்கு எங்கள் குடும்பம் தலைகுனிகிறது" என்று போட்டுவிடலாமா என்று கேட்டாள் தங்கை. அவள் வீட்டுக்காரர் டைப்பே அடித்து வைத்துவிட்டார்.

இதை நம் எல்லாரையும் விடப் பெரிய இடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். காந்தியின் மூத்த மகன் ஹரிலால். 1936-இல் அவருக்கு நாற்பத்தெட்டு வயது, குடிப்பழக்கம் முற்றிப்போயிருந்தது. சென்னையில் நடுராத்திரி நடுத்தெருவில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாகப் போலீஸ் பிடித்தது. அம்மா கஸ்தூரிபா மகனுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் பத்திரிகையில் வந்தது. இந்த வயதில் எங்களுக்கு எவ்வளவு துயரம் கொடுக்கிறாய், ஊரார் முகத்தில் விழிக்க முடியவில்லை என்று அந்தத் தாய் அழுத அழுகையை நாடே படித்தது. ஹரிலால் திருந்தவில்லை. 1944 பிப்ரவரியில் புனே ஆகாகான் மாளிகையில் சிறைக்காவலில் கஸ்தூரிபா சாகக் கிடந்தபோது பார்க்க வந்தவர், அப்போதும் குடித்துவிட்டே வந்தார். வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கடிதம் இல்லாமலிருந்தாலும் அவர் குடித்திருப்பார் என்றே வைத்துக்கொள். ஆனாலும் ஊர் முழுக்க ஒருவன் அவமானப்பட்டுவிட்டால், இனிமேல் காப்பாற்ற வேண்டிய மானம் என்று அவனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. டைப் அடித்ததை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

வீடியோ போட்டவனிடம் மட்டும் தனியாகப் போன் செய்து எடுக்கச் சொல். குழந்தைகள் அதில் தெரிகிறார்கள் என்று சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

கால்கட்டு

"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிருவான்." கேட்டாலே எனக்கு எரிகிறது. நீ இருபத்தெட்டு வருஷம் வளர்த்துச் செய்ய முடியாததை இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்து ஆறு மாதத்தில் செய்துவிட வேண்டுமா? நம் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் பாலக்காடு வரை போய்த் தேடுகிற காலம் இது. எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. அப்படி வருகிறவளுக்கு இங்கே கேட்பதற்கு ஒரு நாதியும் இருக்காது என்பதையும் சேர்த்துப் பார். குடிக்காமல் ஒரு வருஷம் இருந்து காட்டட்டும், அப்புறம் ஜாதகத்தை எடு. பெண் வீட்டாரிடம் மறைக்காதே.

கூத்தா, நோயா?

ஒரு விசேஷத்தில் அளவு தெரியாமல் குடித்துவிட்டு ஆடியது வேறு, தினமும் இல்லாமல் முடியாது என்பது வேறு. காலையில் கை நடுங்குகிறதா? ஒரு வாய் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறதா? விட்டுவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லி முடியாமல் போகிறதா? நேற்று நடந்தது நிஜமாகவே ஞாபகம் இல்லையா? இதில் இரண்டுக்கு ஆமாம் என்றால் அதை வீட்டில் பேசித் தீர்க்கப் பார்க்காதே.

முக்கியமாக, அப்படிப்பட்டவனை ரூமில் போட்டுப் பூட்டி, "இன்னைலருந்து ஒரு சொட்டு கெடையாது" என்று திடீரென நிறுத்த வைக்காதே. பல வருஷம் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகக் கூச்சம் என்றால் போதை மீட்புக்கான இலவச எண் 14446. மனசு சம்பந்தப்பட்ட எதற்கும் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழில் பேசலாம். அவன் பேசாவிட்டாலும் நீ பேசலாம். குடிக்கிறவர்களின் வீட்டாருக்கும் அங்கே ஆலோசனை சொல்கிறார்கள்.

குடி சம்பந்தமே இல்லாத கூத்தும் உண்டு. மேடையில் நின்று நங்கையாளைக் குத்திப் பேசுகிற மகள், சீர் குறைந்தது என்று மொய் மேசையிலேயே கணக்குப் பார்க்கிற மகன், அப்பிச்சி கூப்பிட்டும் போனிலிருந்து தலை தூக்காத பேரன். வழி ஒன்றுதான்: நடந்ததைச் சொல், என்ன செய்யப்போகிறாய் என்று கேள், அவரவர் போய் நிற்கட்டும். மகள் என்றால் மட்டும் நாம் உடனே வளர்ப்பு, குணம் என்று ஏறிவிடுவோம், பையன் என்றால் வயசுக் கோளாறு என்போம். இரண்டு பேருக்கும் ஒரே நோட்டு, ஒரே கணக்கு.

டிக்கிக்குள் பாட்டில் எப்படி வந்தது?

இதையும் கேட்டுவிட வேண்டும். கெடா விருந்து என்றால் பந்தலுக்குப் பின்னால் ஒரு "ஏற்பாடு" நடப்பது ஊரறிந்த ரகசியம். வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தான். "மாப்பிள்ளை கூட்டாளிங்க வர்றாங்க, கவனிக்கலைன்னா நல்லாருக்காது." 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் மது பரிமாறச் சிறப்பு உரிமம் கொடுக்கலாம் என்று அரசு அறிவித்து, நாலா பக்கமும் எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். நாம் எல்லாரும் நியாயமாகக் கொதித்தோம். டிக்கியைப் பற்றி யாரும் கொதிக்கவில்லை. நம் ஈரோட்டில் 1921-இல் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் போய் மறியல் செய்தவர்கள். உன்னை அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. விசேஷச் செலவுக் கணக்கு எழுதும்போது அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, "எங்க வீட்டு விசேஷத்துல அது கெடையாதுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். இரண்டு பேர் வராமல் இருப்பார்கள். கறி மிச்சமாகும்.

அடுத்த விசேஷத்துக்கு

அவனைக் கூட்டிக்கொண்டு போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். மறைத்து வைத்தால் ஊருக்கு அதுவே பேச்சு. முதலில் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற மாதிரி சின்ன விசேஷமாகப் பார்த்துக் கூட்டிப்போ, சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி இருக்கட்டும். வண்டி அவன் ஓட்டக் கூடாது. அவன் வயதொத்த, குடிக்காத சொந்தக்காரப் பையன் ஒருவனைக் கூட இருக்கச் சொல். போனதும் ஒரு வேலை கொடு: தண்ணீர் வைக்கிறது, பெரியவர்களைப் பந்திக்குக் கூட்டிப் போய் உட்கார வைக்கிறது, இப்படி எதையாவது. வேலையில்லாமல் நிற்கிறவன்தான் டிக்கிப் பக்கம் போவான்.

வாசலிலேயே வாடை அடித்தால் யார் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவது என்பதை முன்னாடியே வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். உன் வீட்டுக்காரரா, நீயா? யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ ஏறிவிட வேண்டும், விசேஷம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்று புலம்பல் வேண்டாம்.

தாய்மாமன் சீர் மாதிரி அவன் இல்லாமல் நடக்காத காரியம் ஏதாவது வருகிறது என்றால், மாற்று ஆள் யார் என்று பத்து நாளைக்கு முன்னாலேயே பேசி வைத்து, அவனிடமும் சொல்லிவிடு. "நீ தெளிவா வந்தா நீதான். இல்லீன்னா பெரியப்பா மகன் உக்காருவான். அவங்கிட்டச் சொல்லியாச்சு, சம்பந்திகிட்டயும் சொல்லியாச்சு." போனில் வேண்டாம், நேரில் சொல், அவன் அப்பாவும் பக்கத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து.